உப்பு மேல் நின்று பேசுகிற நாள்

எங்கள் உப்பளத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் யாரும் யாரையும் என்ன வேண்டுமானாலும் பேசலாம். அந்த நாளை நினைத்து எல்லாரும் முன்கூட்டியே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். போன புரட்டாசியில் எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது.

அது கடைசி வாரல் நாள். மழை இறங்குவதற்குள் பாத்திகளில் கிடக்கிற மிச்ச உப்பையும் பலகையால் இழுத்து வரப்பில் ஏற்றி, தலைச்சுமையாகக் கொண்டுபோய் ரோட்டோர மேட்டில் கொட்டுவோம். மலை மாதிரி நிற்கிற அந்தக் குவியலை அம்பாரம் என்போம். தார்ப்பாய் போட்டு மூடிவிட்டால் வேலை முடிந்தது. இனித் தை பிறந்தால்தான். மூடுவதற்கு முன்னால் ஒரு பேச்சு உண்டு. பேச ஆசைப்படுகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு அம்பாரத்தில் பாதி ஏறி நிற்க வேண்டும். யாரைப் பேசுகிறாரோ அவர் எதிரில் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வேண்டும். நடுவில் எழுந்திருக்கக் கூடாது. பேசினவர் முடித்த பிறகு கேட்டவர் ஏறிப் பதில் சொல்லலாம். தார்ப்பாய் மூடிய பிறகு அங்கே பேசினதை யாரும் வெளியே எடுக்கக் கூடாது. மேஸ்திரியானாலும் முதலாளியானாலும் இதுதான் சட்டம்.

ரொம்ப நேரமும் பேச முடியாது. வருஷம் பூராவும் உப்புத் தண்ணீரில் நின்று வெடித்த கால்கள் எங்களுடையவை. புது உப்பில் நின்றால் நெருப்புமாதிரி எரியும். எரிச்சலைத் தாங்குகிற வரைக்கும்தான் பேச்சு.

எப்படியெல்லாம் பேசியிருக்கிறார்கள் தெரியுமா! ஒரு வருஷம் ஒரு அக்கா மேஸ்திரியை உட்காரவைத்து, "எங்க மேஸ்திரி எங்க இருக்காருன்னு தேட வேணாம். நெழல் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் போனா கெடைப்பாரு" என்றாள். மேஸ்திரிக்குக் காது சிவந்துபோனது. ஆனால் அடுத்த வருஷம் மனுஷன் வெயிலில் வந்து நின்றார். இப்படி ஆள்கள் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். யார் எதை எப்படிச் சொன்னார்கள் என்று கேட்டால் ராகம் மாறாமல் திருப்பிச் சொல்வேன். அதனாலோ என்னவோ, அந்த நாளில் ஒவ்வொருத்தராகப் பேசக் கூப்பிடுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். "ஒனக்குத்தான் வாய் பெருசு, நீயே கூப்புடு" என்பது எனக்குக் கிடைத்த பட்டம்.

போன வருஷம் எனக்கு வந்த பயத்துக்குக் காரணம் எங்கள் சூப்பர்வைசர்.

சின்னப் பெண். கிளியனூர்ப் பக்கமிருந்து பஸ் பிடித்து வருவாள். டிப்ளமா முடித்தவள். அந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுக்குப் பேச்சு திக்கும். 'அக்கா, அந்தப் பாத்திக்குப் போங்க' என்று சொல்ல வாயைத் திறப்பாள். 'அ' வரும். அதற்குமேல் ஒன்றும் வராது. கண்ணை மூடிக்கொள்வாள், கழுத்து நரம்பு புடைக்கும். பார்க்கிற நமக்கு மூச்சு முட்டும். அதனால் நாங்களே வாக்கியத்தை முடித்துவிடுவோம். "அந்தப் பாத்திதான கண்ணு? தோ போறோம், நீ போய் உக்காரு" என்போம். பாவம், பிள்ளையைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று ஒரு நாள்கூட அவளிடம் யாரும் நின்று பேசியதில்லை. மரியாதையாக நடந்துகொள்கிறோம் என்றுதான் நினைத்திருந்தோம்.

அவள் வந்த வருஷம்தான் வேலை நேரமும் மாறியது. முன்பெல்லாம் விடிவதற்கு முன்பே டார்ச் விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கிவிடுவோம். வெயில் ஏறும்போது பாதி வேலை முடிந்திருக்கும். அதற்கு முந்தின சீசனில் ஒரு ஆள் இருட்டில் வரப்பிலிருந்து சறுக்கிக் காலை முறித்துக்கொண்டார். அதற்கப்புறம் ஆபீசில் புதுச் சட்டம் போட்டார்கள். இனி ஆறு மணிக்குமேல்தான் வேலை என்று சூப்பர்வைசர் பெண் வந்து சொன்னாள். நாங்கள் வழக்கம்போல அவள் சொல்லி முடிப்பதற்குள் "சரி கண்ணு" என்றுவிட்டோம்.

சரி என்றது வாய்தான். உடம்பு சரி என்று சொல்லவில்லை. உச்சி வெயிலில் உப்பு பளீரிடுகிற இடத்தில் தலையில் கூடையோடு நடப்பது எப்படியிருக்கும் என்று நடந்தவர்களுக்குத்தான் தெரியும். கண்ணுக்குள் மிளகாயைத் தடவினமாதிரி இருக்கும். எங்களில் ஒருத்தி சித்திரையில் மயங்கி விழுந்தாள். வைகாசியிலும் விழுந்தாள். நீர்க்கடுப்பு, வாந்தி. டாக்டர் அவளிடம், "இந்த வெயில்ல இன்னொரு வருஷம் நின்னா கிட்னி போயிடும்" என்று நேராகவே சொல்லிவிட்டார். வேறு வேலை தெரியாது அவளுக்கு. பழைய நேரம் திரும்பி வந்தால் உப்பளத்தில் இருப்பாள். வராவிட்டால் ஒன்று வேலை போகும், இல்லை உடம்பு போகும்.

அவள் புருஷனும் எங்கள் உப்பளத்தில்தான். பலகை இழுக்கிறவன். எனக்குத் தம்பி முறை. அவன் ஒரு மிமிக்ரிக்காரன். மேஸ்திரி தும்முவது, கணக்கர் செல்போனில் கெஞ்சுவது, லாரி டிரைவர் ரிவர்ஸ் எடுக்கும்போது கத்துவது என்று எல்லாம் செய்வான். அவன் அம்பாரத்தில் ஏறினாலே பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அந்தக் கோடை முழுக்க அவன் யாரையும் செய்துகாட்டவில்லை. ஆவணியில் ஒரு நாள் டீ குடிக்கும்போது மெதுவாகச் சொன்னான்.

"இந்த வருசம் அந்தப் பொண்ணைத்தான் ஒக்கார வெக்கப் போறேன்."

சுற்றியிருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒருத்தி, "டேய், அதுமாதிரி பேசிக் காட்டுவியா? எங்க, கொஞ்சம் காட்டு" என்றாள். அவன் காட்டவில்லை. நான் பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்தேன்.

இரண்டு நாள் கழித்து மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, என்னென்னவோ காதுல விழுது. இந்த வாட்டி சின்ன மொதலாளி வர்றாரு. அந்தப் பொண்ணை எவனாவது அசிங்கப்படுத்தினான்னு வெச்சிக்கோ, அதோட இந்தப் பழக்கத்தையே நிறுத்திடுவாங்க. நீதான ஆளைக் கூப்புடற? அவனைக் கூப்புடாத. அவ்ளோதான்."

கூப்பிடாமல் விடுவது சுலபம். ஆனால் அந்த ஒரு நாளை விட்டால் நேரத்தைப் பற்றி முதலாளி முகத்துக்கு நேராகச் சொல்ல எங்களுக்கு வேறு நாள் ஏது? மற்ற நாளில் ஆபீஸ் வாசலில் போய் நின்றால், "மேஸ்திரிகிட்ட சொல்லிட்டுப் போங்க" என்பார்கள். அவனை வாயடைத்தால் அவன் பெண்டாட்டியைப் பாத்தியில் தள்ளினமாதிரி. அவனைப் பேச விட்டால் அந்தப் பெண்ணை எல்லார் நடுவிலும் உரித்துப் போட்டமாதிரி. அன்று ராத்திரி சோறு பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கடைசி வாரலுக்கு முந்தின சாயங்காலம் அவன் வீட்டுக்கே போனேன். வாசலில் உட்கார்ந்து பலகைக் கம்புக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். அவள் உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள்.

"தம்பி, நேரத்தைப் பத்திப் பேசு. மொதலாளியை வேணாலும் கிழி. ஆனா அந்தப் பொண்ணோட திக்கலை மட்டும் எடுக்காத. அது அதோட ஒடம்பு. அது செஞ்ச தப்பா?"

"அதை எடுக்காம எப்டிக்கா பேசறது? சும்மா நின்னு சொன்னா எவன் கேப்பான்? சிரிச்சாத்தான் கேக்கறாங்க."

"ஒன் கொரல்ல சொல்லேன்டா."

கயிற்றை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "எனக்குன்னு கொரலு ஏதுக்கா? மேஸ்திரி கொரல் இருக்குது, டிரைவர் கொரல் இருக்குது. என் கொரல்ல நான் எங்க பேசியிருக்கேன்?"

உள்ளேயிருந்து அவள் கத்தினாள். "என்னை வெச்சி ஒருத்தரும் ஒண்ணும் பேச வேணாம்! நான் சாவறேன், எனக்கு இன்னா!"

"நீ கம்முன்னு இரு" என்றான். பிறகு என்னிடம், "பாக்கறேங்கா" என்றான். பார்க்கிறேன் என்றால் செய்வேன் என்றும் ஆகலாம், மாட்டேன் என்றும் ஆகலாம். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த வார்த்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் வானம் மூட்டமாக இருந்தது. கழுவெளி ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசியது. கடைசிக் கூடை விழுந்ததும் எல்லாரும் அம்பாரத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். சின்ன முதலாளி காரை விட்டு இறங்கிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். சூப்பர்வைசர் பெண் அவருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் காதுக்கும் ஏதோ போயிருக்க வேண்டும். முகத்தில் ரத்தமே இல்லை.

முதலில் இரண்டு பேரைக் கூப்பிட்டேன். ஒருத்தி கணக்கரைப் பற்றிப் பேசினாள். ஒருத்தர் டீ போடுகிற அம்மாவை உட்காரவைத்து, "இந்த அம்மா டீயைக் குடிச்சா உப்பு வார வேணாம், வாயிலயே வெளையும்" என்றார். சிரிப்பு அடங்கவில்லை. மேஸ்திரி என்னையே பார்த்தார். அவனும் என்னையே பார்த்தான்.  அப்புறம் அவனைக் கூப்பிட்டேன்.

அவன் ஏறினான். கூடையைக் காட்டினான். அந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள். முழங்காலைச் சேர்த்து, மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்த விதம் ஊசி போட்டுக்கொள்ளப் போகிற பிள்ளைமாதிரி இருந்தது.

"வணக்கம்" என்றான், அவனுடைய சொந்தக் குரலில். அதற்கே நாலு பேர் சிரித்தார்கள், ஏதோ வரப்போகிறது என்று.

"நான்... இன்னா சொல்ல வந்தேன்னா... வேலை நேரம்..."

நின்றுவிட்டான். வாய் திறந்தே இருந்தது. மறுபடியும், "வேலை... வே... நேரத்தை வந்து..." என்றான். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

கூட்டம் குபீரென்று சிரித்தது.

 அவன் நடிக்கவில்லை. பயத்தில் அவனுக்கு வார்த்தை வரவில்லை. மற்றவன் குரலை எடுத்து எடுத்தே பழகியவன். தன் குரலில் நின்றதும் நாக்கு கட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற எனக்கு அது தெரிகிறது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அச்சு அசல் அந்தப் பெண்தான்! "அப்டியே இருக்குதுடி!" என்று ஒருத்தி தொடையைத் தட்டிக்கொண்டாள். "கண்ணை மூடறான் பாரு, கண்ணை மூடறான் பாரு!" சிரிக்கச் சிரிக்க அவனுக்கு இன்னும் திக்கியது. இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. உப்பில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, வே... வே... என்று நின்றான்.

"சிரிக்காதீங்கடி!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சின்ன முதலாளி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "மேஸ்திரி, போதும். தார்ப்பாயைப் போடச் சொல்லுங்க. இனிமே இந்தக் கூத்தெல்லாம் வேணாம்."

அந்தப் பெண்ணும் எழுந்தாள்.

நடுவில் எழுந்திருக்கக் கூடாது என்பது சட்டம். இத்தனை வருஷத்தில் யாரும் எழுந்ததில்லை. சிரிப்பு பொசுக்கென்று நின்றது. அவள் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துவிடுவாள், இனி எந்த முகத்தோடு அவளைப் பார்ப்போம் என்று நான் தவித்தேன். அவள் குனிந்து ஷூவைக் கழற்றினாள். சாக்ஸைக் கழற்றி ஷூவுக்குள் வைத்தாள். அம்பாரத்தில் ஏறி அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"இவர்..." என்றாள். காத்திருந்தோம். "இவர் ந... நடிக்கல."

தார்ப்பாயை எடுக்கப் போனவர்களும் சின்ன முதலாளியும் அப்படியே நின்றார்கள்.

"நடிக்கிறது எது, நெஜமா மாட்டிக்கிறது எதுன்னு எனக்குத் தெ... தெரியாதா? ஸ்கூல்ல எத்தனை பேர் நடிச்சிருக்காங்க." பிறகு அவனைப் பார்த்து, "முடிங்கண்ணா. பாதியில நிக்குது" என்றாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வியர்வையா கண்ணீரா என்று எனக்குத் தெரியாது. துண்டு துண்டாகச் சொன்னான். நேரம் மாறியது, வெயில், பெண்டாட்டி இரண்டு முறை விழுந்தது, டாக்டர் சொன்னது. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் காற்றுச் சத்தம்தான் கேட்டது. நீளமான பேச்சு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த எரிச்சலில் அவ்வளவு நேரம் நின்றவர்களை நான் பார்த்ததில்லை. கடைசியில், "இதுல பொண்ணு மேல தப்புன்னு நான் சொல்ல வரல. யார்கிட்ட சொல்றதுன்னு தெரில. அதான்" என்று இறங்கினான்.

பதில் சொல்வது அவள் முறை. மேலேயே நின்றாள்.

"இருட்டுல எறங்கக் கூடாதுன்னு ஆபீஸ் சொல்லல. சூ... சூப்பர்வைசர் இல்லாம எறங்கக் கூடாதுன்னுதான் சொல்லிச்சி. எனக்கு மொத பஸ் புடிச்சி வந்தாலே அந்த நேரம் ஆயிடுது. அதான் ஆறு மணி."

மேஸ்திரி, "அட!" என்றார்.

"அக்கா விழுந்தது தெரியும். காலைல சாப்புடாம வந்து விழுறாங்கன்னு சொன்னாங்க. நே... நேரத்தாலன்னு யாரும் சொல்லல."

"நீ ஏம்மா பஸ் விசயத்தைச் சொல்லல?" என்று கேட்டது நான்தான்.

"ஆரம்பிச்சேன்கா. நீங்க எல்லாம் சரி கண்ணுன்னு போயிட்டீங்க."

குத்திக்காட்டுகிற மாதிரி அவள் சொல்லவில்லை. சும்மா நடந்ததைச் சொன்னாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. திக்குகிற பிள்ளையைப் பேச வைக்கக் கூடாது என்று நாங்கள் காட்டிய மரியாதையில் ஒரு கோடை முழுக்க ஒருத்தி வெயிலில் வெந்திருக்கிறாள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து அந்த ஒருத்தியே எழுந்தாள். தலையில் துண்டைச் சுற்றியபடி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பஸ்ஸுதான பிரச்சன? சீசனுக்கு எங்க வூட்டுல வந்து தங்கிக்கோயேன். நடந்து வந்துடலாம்" என்றாள்.

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். வரவில்லை. எங்களில் பாதிப் பேருக்கு உதடு துடித்தது, முடித்துவைக்க. முடிக்காமல் உட்கார்ந்திருந்தோம். அது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கொ... கொழம்புல காரம் ஜாஸ்தியா போடுவீங்களா?"

அதற்கு ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள்! அவளும் சிரித்தாள். உடனே, "ஐயோ, கால் எரியுது" என்று குதித்து இறங்கினாள்.

சின்ன முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "தை மாசம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். நேரத்துக்கும் சரி என்று சொல்லவில்லை, இந்தப் பழக்கத்துக்கும் சொல்லவில்லை. தார்ப்பாயை மூடினோம். மூடினதும் முதல் தூறல் விழுந்தது.

மழைக்காலம் முழுக்க அந்த 'பாத்துக்கலாம்' என்னை அரித்துக்கொண்டே இருந்தது. பெரிய இடத்துப் பேச்சு. எதற்கும் அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். பொங்கல் போய் நாலைந்து நாள் இருக்கும். அவன் பெண்டாட்டி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு தலகாணி இருந்தா குடு. எங்களுது பிஞ்சிடுச்சி. பொண்ணு வந்தா ஆகும்."

"நேரம் சொல்லிட்டாங்களாடி?"

"எங்க சொன்னாங்க? அதுவே ஆபீசுக்குப் போயிருக்குது, கேட்டுட்டு வர்றேன்னு. தனியாத்தான் போச்சி. எங்க வூட்டு ஆளும் கூட வர்றேன்னுச்சி, பொண்ணுதான் வேணாம்னுடுச்சாம்."

தலையணையை எடுத்துக் கொடுத்தேன். அவள் போகவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். அந்தப் பெண் ஏசி அறையில் சின்ன முதலாளி மேஜைக்கு முன்னால் நிற்பது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. அவர் அவசரக்காரர். அவள் வாயைத் திறந்து கண்ணை மூடினதும், "சரி சரி, புரியுது, போம்மா" என்று அவரும் நல்ல மனசோடு முடித்துவைத்துவிட்டால்?

அவள் செல்போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். "அ..." என்று கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் தலையணையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் போனையே பார்த்தேன்.

"அஞ்சு மணி" என்றது குரல். "ஆனா மொத ஒரு மா... மாசம்தான். யாருக்காவது அடி கிடி பட்டா மறுபடியும் ஆறு மணியாம். என் பொறுப்புன்னு கை... கையெழுத்து நான் போட்டுருக்கேன்."

அவள் என்னைப் பார்த்தாள். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஒரு மாசத்தில் எத்தனை இருட்டு, எத்தனை வரப்பு! ஒருத்தி கால் தவறினால் அந்தப் பிள்ளையின் கையெழுத்துத்தான் நிற்கும்.

"சரி கண்ணு" என்று வாய்வரை வந்துவிட்டது அவளுக்கு. விழுங்கிவிட்டாள்.

"இன்னும் இன்னா சொன்னாங்க? மெதுவா சொல்லு" என்றாள்.